சுட்ட மீன்: முல்லைக் கரையின் எழுதப்படாத வரலாறு

வன்னியில் 'சூடு' என்றால் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வயற்களம். அறுத்த நெற்கதிரைக் குவித்து வைப்பது சூடு. பின்னர் அதனைப் பிரித்து மிதித்து நெல்லெடுப்பது சூடடிப்பு. பழந்தமிழில் அதே சொல்லுக்கு வேறொரு பொருளும் வழங்கியது. நெருப்பிலிட்டுச் சுட்டெடுத்த உணவையும் புலவர்கள் 'சூடு' என்றே குறித்தனர்.

பத்துப்பாட்டில் மூன்று பாட்டுகள் இதற்குச் சான்று. நல்லியக்கோடனின் எயிற்பட்டினத்துக்குப் போகும் பாணனுக்குப் பரதவர் வீடுகளில் சுட்ட உலர்ந்த குழல்மீன் கிடைக்கும் என்கிறது சிறுபாணாற்றுப்படை. அங்கே அலை கொண்டுவந்து ஒதுக்கிய அகிற்கட்டையே நுளைமகளிர் அடுப்புக்கு விறகு. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பின் விருந்தும் கள்ளும் சுட்ட மீனுமே. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் கடல் இறாலைச் சுட்டும் வயல் ஆமையைப் புழுக்கியும் உண்கின்றனர். இம்மூன்று இடங்களிலும் சமையல்முறை விரித்துப் பேசப்படவில்லை. கரை, கரையில் வாழும் மக்கள், வந்தவனுக்கு அவர்கள் இடும் விருந்து ஆகியனவே பேசப்படுகின்றன.

சுட்ட மீனைப் பற்றி இந்தப் பதிவில் நான் சொல்ல விரும்புவதும் இதுதான். மீனைச் சுடுவதற்குப் பெரிய பக்குவம் எதுவும் வேண்டியதில்லை. கடலிலிருந்து வந்த மீனும், ஒரு பிடி உப்பும், தணலும் போதும். ஆனால் அந்த மூன்றையும் ஓரிடத்தில் சேர்க்க, மனிதன் அச்சமின்றிக் கரையில் நிற்க வேண்டும். வன்னியின் கிழக்குக் கரையில் அந்த எளிய உரிமை எப்போது இருந்தது, எப்போது இல்லாமற் போனது, யாருக்கு இருந்தது என்று கேட்டுக்கொண்டே போனால் முல்லைத்தீவின் வரலாறு முழுவதும் வந்துவிடும்.

விடுமுறையும் சோளகமும்

ஆண்டுதோறும் யூலை, ஓகஸ்ட் மாதங்கள் நெருங்கும்போது கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் நண்பர்களின் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, ஊருக்கு வருகிறோம், முல்லைத்தீவுப் பக்கம் சில நாட்கள் தங்குகிறோம், நல்ல மீன் எங்கே, எப்படி வாங்குவது, கரையில் வைத்துச் சுட்டுச் சாப்பிடலாமா? புலம்பெயர்ந்த நகரங்களின் பூங்காக்களில் கோடைதோறும் 'பாபிக்கியூ' போட்டுப் பழகியவர்கள் அவர்கள். பனிக்கட்டியில் உறைந்து, கண்டம் தாண்டி வந்த மீனைச் சுட்டுப் பழகிய கைகளுக்கு அன்றைய மீன் புதியது.

செய்தியாளனாக நான் பல தடவை சென்ற கரை அது. ஆனால் செய்தி எடுக்கப் போகிறவன் மீன் வாங்குவதில்லை. குறிப்பேட்டை மூடிவிட்டு, விடுமுறையாளனாக அங்கே தங்கியபோதுதான் கரையில் மீன் வாங்கவும் சுடவும் முறையாகக் கற்றுக்கொண்டேன். எனக்குக் கற்பித்தவர் எழுபது வயதைக் கடந்த ஒரு கடற்றொழிலாளர். இப்போது அவர் கடலுக்குப் போவதில்லை. விடிந்ததும் கரைக்கு வந்து, வரும் படகுகளை எண்ணிக்கொண்டு இருப்பார்.

அவர் சொன்ன முதற் பாடம் காற்றைப் பற்றியது. "தம்பி, மீன் எங்கை இருக்கெண்டு கேக்கிறியள். காத்து எங்கை இருக்கெண்டு முதல் கேளுங்கோ" என்றார்.

மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்மவர் சோளகம் என்பர். அது வீசும்போது இலங்கையின் மேற்குக் கரை கொந்தளிக்கும். தீவின் நிலப்பரப்பு மறைப்பதால் முல்லைத்தீவுக் கரை அடங்கியிருக்கும். ஒக்டோபருக்குப் பின் வாடை வந்ததும் நிலைமை தலைகீழாகும். இதனால் நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் பகுதிகளின் மீனவர்கள், சோளகம் தொடங்கியதும் கிழக்குக் கரைக்குப் பெயர்ந்து, கொக்கிளாய், நாயாறு, முல்லைத்தீவு எனக் கரையோரம் ஓலைக் கொட்டில் போட்டுத் தங்கித் தொழில் செய்து, வாடைக்கு முன் திரும்புவது தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தது. அந்தப் பருவக் கொட்டிலுக்குப் பெயர் 'வாடி'.

ஐரோப்பாவின் கோடை விடுமுறையும் முல்லைக் கடலின் அமைதியும் ஒரே மாதங்களில் விழுவது வெறும் தற்செயல்தான். ஆயினும் லண்டனிலிருந்து வரும் விடுமுறைக் குடும்பமும், நீர்கொழும்பிலிருந்து வரும் பருவகால மீனவரும் ஒரே காற்றின் தயவில் ஒரே கரைக்கு வருகிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் சுவையாகத்தான் இருக்கிறது.

கோட்டையும் வாடியும்

முல்லைத்தீவைப் பற்றி எழுதப்பட்ட வரலாற்றில் கோட்டைக்கு இடமுண்டு. ஒல்லாந்தர் அங்கே கோட்டை வைத்திருந்தனர். ஆங்கிலேயர் அதனைப் பெற்றனர். 1803 ஓகஸ்டில் பண்டாரவன்னியன் அதனைத் தாக்கிக் கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டான். இதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். 1895 இல் வெளியான ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் இன்றும் ஆய்வாளர்களின் மேசையில் இருக்கிறது. குளம், காடு, காய்ச்சல், நிருவாகம் என்று வன்னியை உள்நாட்டின் பக்கமிருந்தே பார்க்கும் வழக்கம் நமக்கு ஊறிப்போயிற்று. வன்னி என்றால் வயலும் காடும். கரை அதன் ஓரம். வாடி அந்த ஓரத்தின் ஓரம்.

ஆட்சியாளர் கரையை மறந்ததில்லை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் மீன்பிடிக்கு வரி வாங்கினர். ஆங்கிலேயர் அந்த வரியை 1840 இலேயே நீக்கினர். கரையைப் பங்கிடும் முறையும் பழையது. கரைவலை இழுக்கும் கடற்கரைத் துண்டுக்குப் 'பாடு' என்று பெயர். இன்ன பாடு இன்ன சம்மாட்டிக்கு என்ற வழக்கம் இருந்தது. பின்னர் அது அரச அனுமதிப்பத்திரமாயிற்று. நிலத்துக்கு உறுதி இருப்பதுபோல், அலை வந்து மோதும் மணலுக்கும் உரித்தாளர் உண்டு என்பதை உள்நாட்டவர் பலர் அறியார். விடுமுறைக்கு வருபவர் அழகான வெறுங்கடற்கரை என்று நினைத்துப் பாய் விரிக்கும் இடம், யாரோ ஒரு குடும்பத்தின் பாடாக இருக்கலாம்.

அந்தக் காலத்தில் சுட்ட மீன் விருந்துணவன்று. தொழிலின் நடுவே உண்ணும் உணவு. கரைவலையை நீருக்குள் வளைத்துவிட்டு இருபக்கமும் ஆட்கள் பிடித்து இழுத்து முடிக்க மணிக்கணக்காகும். மடி கரையேறியதும், விலைபோகாத சிறு மீனில் ஒரு கை அள்ளிக் காவோலைத் தீயில் போடுவார்கள். சூடையும் கீரியும் கருகிய தோலோடு பழஞ்சோற்றுக்கு இறங்கும். அம்மியும் சட்டியும் பெண்களோடு ஊர்மனையில் இருக்க, ஆண்கள் மட்டும் தங்கும் வாடியில் சமையலின் சுருக்கமான வடிவம் சுடுவதுதான்.

பனிக்கட்டி வருவதற்கு முன் மீனுக்கு இரண்டே வழிகள் இருந்தன. அன்றே தின்பது, அல்லது உப்பிட்டுக் காயவைப்பது. முல்லைக் கரையின் மீன் மாங்குளத்தையும் வவுனியாவையும் பெரும்பாலும் கருவாடாகவே எட்டியது. அதனால் உள்நாட்டு வன்னியான் கடல் மீனைக் கருவாட்டின் மணத்தில்தான் அறிந்தான். பச்சை மீன் வேண்டுமானால் அவனுக்குக் குளத்து விரால் இருந்தது. 1952 இல் ஆபிரிக்கத் திலாப்பியா இலங்கைக் குளங்களில் விடப்பட்ட பின், 'யப்பான் மீன்' என்ற பொருந்தாப் பெயரோடு அது வன்னியின் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்துசேர்ந்தது. 1950களின் பிற்பகுதியில் நைலோன் வலையும் இயந்திரப் படகும் பரவின. 1964 இல் மீன்பிடிக் கூட்டுத்தாபனம் உருவானது. பனிக்கட்டிப் பெட்டியோடு வண்டிகள் கரைக்கு வந்தன. கரையில் தின்ற மீனுக்கும் நகரில் தின்ற மீனுக்கும் உள்ள தூரம் குறையத் தொடங்கியது.

கரை மூடப்பட்ட காலம்

அந்தத் தூரம் மீண்டும் விரிந்தது 1984 இல். அவ்வாண்டு டிசெம்பர் தொடக்கத்தில் கொக்கிளாயிலும் நாயாற்றிலும் இருந்த சிங்கள மீனவக் குடியிருப்புகள்மீது விடுதலைப் புலிகள் தாக்குதல் நடத்தினர், பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணித் தமிழ் மக்கள் தம் ஊர்களிலிருந்து துரத்தப்பட்டனர். அவர்களால் ஊர் திரும்ப முடிந்தது 2009 இல் போர் முடிந்த பின்னரே. கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரு கரை தன் மக்களைக் காணவில்லை. அக்காலத்தில் பிறந்த பிள்ளைகள், தம் தந்தையரின் பாடுகளைப் பெயரளவிலேயே அறிந்து வளர்ந்தனர்.

1990களில் முல்லைத்தீவு நகரம் படைமுகாமாயிருந்தது. 1996 யூலையில் அம்முகாம் வீழ்ந்தது. அந்த ஆண்டுகளில் வடகடல் முழுவதும் மீன்பிடித் தடைகள் இருந்தன. வன்னிக்குள் எரிபொருள் வருவது தடுக்கப்பட்டிருந்தது. இயந்திரம் இருந்தும் எண்ணெய் இல்லை; மீன் இருந்தும் பனிக்கட்டி இல்லை. பழைய இரண்டு வழிகளே மிஞ்சின: கரையில் தின்பது, காயவைப்பது.

2002 இன் போர்நிறுத்தம் ஏ9 வீதியைத் திறந்தது. புலம்பெயர்ந்தோர் முதன்முறையாகப் பெருந்தொகையில் விடுமுறைக்கு வன்னி வந்த காலம் அது. அந்நாட்களில் நானும் அவ்வீதியால் போனேன். தார் காணாத பாதையின் செம்புழுதியில் முகம் மாறி இறங்கிய குடும்பங்கள், உறவினர் வீட்டில் பையை வைத்த கையோடு கடலைத்தான் தேடின. கரையில் தீ மூட்டி மீன் சுட்டவர்களைக் கண்டேன். அதை ஒரு செய்தியாக அன்று எவரும் கருதவில்லை. இன்று நினைக்கையில், அந்தக் கரைக்குச் சமாதானம் வந்ததற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தோன்றவில்லை.

2004 டிசெம்பர் 26 அன்று காலை கடலே வந்தது. முல்லைத்தீவுக் கரையோரம் ஆயிரக்கணக்கானோரை இழந்தது. அதன் பின் இலங்கை முழுவதும் பல கிழமைகளாக மக்கள் மீன் உண்ணத் தயங்கினர். கடல் கொண்ட உடல்களை மீன் தின்றிருக்கும் என்ற எண்ணம் தொண்டையை அடைத்தது. வலையும் வள்ளமும் இழந்து தப்பிய மீனவனுக்கு அந்தத் தயக்கம் இரண்டாவது அலையாயிற்று. அடுத்து, கரையிலிருந்து குடியிருப்புகளைத் தள்ளிவைக்கும் வலயத்தை அரசு அறிவித்தது: தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். பின்னர் அது தளர்த்தப்பட்டது. ஆனாலும் கடலுக்கும் மீனவனுக்கும் நடுவே அளவுநாடா நீட்டப்பட்டதை அவர்கள் மறக்கவில்லை.

2006 ஓகஸ்டில் ஏ9 மீண்டும் மூடியது. 2009 இன் முதல் மாதங்களில், வன்னியின் மக்கள் அனைவரும் புதுமாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று நீளும் ஒரு மணற்பட்டைக்குள் நெருக்கப்பட்டனர். கிழக்கே வங்கக்கடல், மேற்கே நந்திக்கடல். இரண்டும் மீனும் இறாலும் நிறைந்த நீர். நடுவே பட்டினி. வலைஞர்மடம் என்ற ஊர்ப்பெயரை எண்ணிப் பாருங்கள்: வலைஞர் பெயரால் அமைந்த மண்ணில், மக்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்றனர், அந்த வரிசையிலும் எறிகணை வீழ்ந்தது. மே 18 உடன் அது முடிந்தது. எஞ்சியோர் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வெளியேறினர். அந்தக் கஞ்சியை ஆண்டுதோறும் மே மாதத்தில் இன்று நாம் காய்ச்சிப் பகிர்கிறோம். அந்தக் கரையின் அண்மைக்கால வரலாற்றுக்கு ஓர் உணவு நினைவுச் சின்னமாயிற்று. மற்ற உணவு, கரையில் தின்ற சுட்ட மீன், யாருடைய நினைவேட்டிலும் இல்லை.

மீன் வாங்கக் கற்றல்

மீள்குடியேற்றத்தின் பின் படகுகள் மெல்ல மெல்லத் திரும்பின. இன்று அந்தக் கரையில் மீன் வாங்க விரும்புவோருக்கு நான் கற்றதைச் சொல்கிறேன்.

நேரம் முதன்மையானது. இரவு வலை விரித்த படகுகள் விடியற்காலை கரைக்கு வரும். மீன் கரையிலேயே கூறப்படும். 'கூறுதல்' என்றால் ஏலமிடுதல். வியாபாரிகளின் குளிர்வண்டிகள் அங்கே காத்து நிற்கும். பெரிய அறுக்குளாவும் சீலாவும் பாரையும் அவற்றில் ஏறிக் கொழும்புக்குப் போய்விடும். பூநகரிக் களப்புப் பக்கத்து நீல நண்டு பதனிடும் ஆலைகளுக்கும் அங்கிருந்து வெளிநாடுகளுக்கும் போகிறது. பத்து மணிக்கு ஆறுதலாக எழுந்து சந்தைக்குப் போகும் விடுமுறையாளருக்கு எஞ்சியதே கிடைக்கும். கடற்கரை ஊரில் பழைய மீன் தின்ற கதைகள் இப்படித்தான் உருவாகின்றன.

ஏலத்தில் குறுக்கே நின்று பெரிய மீனுக்கு விலை கேட்க வேண்டியதில்லை. கூறி முடிந்ததும் சில்லறையாகப் பிரித்து விற்கும் பெண்களிடம் வாங்குவதே முறை. அவர்கள் வாழ்வது அந்தச் சிறு இலாபத்தில்தான். பேரம் பேசலாம், கனடா டொலரைக் கணக்கில் வைத்துப் பேசக்கூடாது.

மீனைப் பார்க்கும் முறையைப் பெரியவர் ஒழுங்காகச் சொல்லித் தந்தார். கண் தெளிந்து புடைத்திருக்க வேண்டும். குழிந்து வெண்படலம் படர்ந்திருந்தால் விட்டுவிட வேண்டும். நம் பக்கத்தில் 'பூ' என்று சொல்லும் செவுள் செக்கச்சிவப்பாக இருக்க வேண்டும். மண்ணிறமானால் நாள் கடந்தது. விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிரம்ப வேண்டும். தலையைப் பிடித்துத் தூக்கினால் உடல் விறைத்து நிற்பது அன்றைய மீன். வயிறு வெடித்த மீனை விலை மலிவென்று எடுக்கலாகாது. "எல்லாத்துக்கும் மேலை மூக்கு, தம்பி. மீன் மணந்தால் அது மீனில்லை, கடல் மணக்கவேணும்" என்றார்.

கணவாயின் தோலில் மண்ணிறப் புள்ளிகள் உயிரோடு மினுங்க வேண்டும். இளஞ்சிவப்பாக மாறியது பழையது. இறாலின் தலை உடலோடு இறுக ஒட்டியிருக்க வேண்டும். தலை கறுத்துத் தளர்ந்தது ஆகாது. நண்டைக் கண்ணால் பார்ப்பதைவிடக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும்; அளவுக்கு மிஞ்சிய பாரமிருந்தால் சதை உண்டு. நிலாக்காலத்து நண்டில் சதை இராது என்பது கரையின் பழைய நம்பிக்கை. சினை சுமந்த சிங்க இறாலைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். எவராவது நீட்டினால் மறுத்துவிடுங்கள்.

சூரை, கும்பளா, அறுக்குளா போன்ற கருஞ்சதை மீன்களில் கூடுதல் கவனம் வேண்டும். வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் இஸ்டமின் என்ற பொருள் பெருகும். முகம் சிவந்து, உடல் தடித்து, தலை இடிக்கும். ஒருமுறை அது உண்டாகிவிட்டால் எந்த நெருப்பும் அதனை அழிக்காது. வாங்கும்போதே பனிக்கட்டிப் பெட்டியைக் கையோடு கொண்டு போவதுதான் காப்பு.

இன்னொன்றும் உண்டு. வைகாசி விசாகத்தை ஒட்டி வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் வரும். கடல்நீரில் அம்மனுக்கு விளக்கெரியும் அந்த நாட்களில் சுற்றூர்க் குடும்பங்கள் பல மச்சம் தொடுவதில்லை. அக்காலத்தில் போகிறவர்கள் தீ மூட்டுமுன் அயலைப் பார்ப்பது நன்று.

மீன் சுடக் கற்றல்

சுடுவதற்குக் கொழுப்புள்ள மீன் நல்லது: சூடை, கீரி, கும்பளா, பாரை, ஓரா, விளைமீன். களப்புத் திரளியும் நன்றாக இருக்கும். சுறாவையும் திருக்கையையும் வறைக்கு விட்டுவிடலாம்.

முழு மீனைச் சுடும்போது செதிளைச் சுரண்ட வேண்டியதில்லை. குடலையும் பூவையும் மட்டும் எடுத்துவிட்டுக் கழுவி, ஈரத்தைத் துடைக்க வேண்டும். செதிளே சதைக்குக் கவசம். வெந்ததும் தோலோடு சேர்ந்து கழன்றுவிடும். உள்ளும் புறமும் கல்லுப்பைத் தேய்த்துச் சிறிது நேரம் வைக்க வேண்டும். தேசிக்காய்ப் புளியை முன்கூட்டிப் பூசினால் சதை வெளுத்து இறுகும். அது உண்ணும் நேரத்துக்கு உரியது.

தீக்குச் சிரட்டைக்கரி சிறந்தது. தென்னம்பாளையும் பன்னாடையும் பற்றவைக்கப் போதும். கண்டல் மரத்தை வெட்டலாகாது. களப்பின் இறாலும் மீன்குஞ்சும் வளர்வது அதன் வேரடியில்தான். சுவாலையில் மீனைப் போடுவது பழக்கமில்லாதவர் செய்வது. சுவாலை அடங்கி, கரியின்மேல் வெண்சாம்பல் பூத்த பின் தணலில்தான் சுட வேண்டும். தட்டி நன்றாகச் சூடேறிய பிறகு மீனை வைக்க வேண்டும். வைத்த மீனை உடனே புரட்டக் கை துறுதுறுக்கும். பொறுத்திருந்தால் தோல் தானாகவே கம்பியை விட்டு எழும்பும். அதுவே புரட்டும் வேளை. ஓர் அங்குலத் தடிப்புக்குப் பத்து நிமிடம் என்ற விதியைக் கனடாவின் மீன்பிடித் திணைக்களம் ஒரு காலத்தில் வீடுகளுக்குப் பரப்பியது. பெரியவரிடம் அதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, முள்ளோடு ஒட்டிய சதையை ஈர்க்கால் தொட்டுக் காட்டினார். முள்ளை விட்டுச் சதை கழன்றால் முடிந்தது. கணக்குப் பார்த்தபோது ஏறக்குறைய அதே பத்து நிமிடம்தான்.

முல்லைத்தீவின் கத்தோலிக்க மீனவர்கள் தம் ஆலயத்தை அர்ப்பணித்திருப்பது புனித இராயப்பருக்கு. அவரும் மீனவர். யோவான் நற்செய்தியின் 21 ஆம் அதிகாரத்தில், உயிர்த்த இயேசு விடியற்காலைக் கரையில் தணல் மூட்டி மீன் சுட்டுக்கொண்டிருக்கிறார். இரவெல்லாம் கடலில் அலைந்த சீடர்கள் 153 பெரிய மீன்களோடு கரையேறுகின்றனர். அவர்களை உண்ண அழைக்கிறார். பெருந்துயரின் பின் நண்பர்கள் மீண்டும் கூடுவதற்கு அந்நூல் தேர்ந்த காட்சி கரையில் சுட்ட மீன். எயிற்பட்டினத்திலிருந்து கலிலேயாக் கடல்வரை கரையின் விருந்து ஒன்றுபோலவே இருக்கிறது.

இனிமேல்

ஆயினும் கதை சுபமாக முடிந்துவிட்டது என்று எழுத முடியவில்லை. பருவகால மீனவரின் வரவு பழைய வழக்கம்தான். எத்தனை வாடி, எத்தனை படகு, யாருக்கு எந்தப் பாடு என்பதில்தான் இன்றைய மோதல். 2018 ஓகஸ்டில், தடைசெய்யப்பட்ட முறைகளுக்கு எதிராக முல்லைத்தீவு மீனவர்கள் வீதிக்கு வந்தனர். அதே மாதம் நாயாற்றில் தமிழ் மீனவர்களின் வாடிகளும் படகுகளும் தீக்கிரையாயின. ஒளிபாய்ச்சி மீன் பிடிப்பதும், தமிழ்நாட்டு இழுவைப்படகுகளின் வரவும் தீராச் சிக்கல்கள். இழுவைமடித் தொழிலை 2017 இல் பாராளுமன்றம் சட்டமியற்றித் தடை செய்தது. சட்டம் தாளில் இருக்கிறது. வலைகள் கடலில் அறுபடுகின்றன.

இவற்றை விடுமுறையாளர் தீர்த்துவிட முடியாது. ஆனால் ஒன்றைச் செய்யலாம். பிள்ளைகளை விடியற்காலை எழுப்பிக் கரைக்குக் கூட்டிச் செல்லுங்கள். ஒவ்வொரு மீனின் பெயரையும் அங்கேயே கேட்டு அவர்களைச் சொல்லப் பழக்குங்கள். சூடை வேறு, கீரி வேறு. பாரையிலேயே பல வகை. வாங்கியது யாருடைய படகில் வந்தது, அவர் எந்தப் பாட்டில் தொழில் செய்கிறார், இடம்பெயர்ந்து எத்தனை ஆண்டுகளின் பின் திரும்பினார் என்று கேளுங்கள். சொல்லக் காத்திருப்பவர்கள் அந்தக் கரையில் நிறைய உண்டு. கேட்பவர்கள்தான் குறைவு.

பெரியவரிடம் அவருடைய பேரர்களும் கடலுக்குப் போகிறார்களா என்று கேட்டேன். ஒருவன் வவுனியாவில் வேலை, மற்றவன் வெளிநாடு போக முயல்கிறான் என்றார். அவர் எனக்குக் கற்பித்ததை அவர்கள் கேட்டதில்லையாம். பாட்டுக்கு உறுதி எழுதிப் பெட்டிக்குள் வைக்கலாம். பூவின் நிறமும், காற்றின் பெயரும், சதை முள்ளை விடும் அந்தக் கணமும் எந்தக் கச்சேரியின் பதிவேட்டிலும் ஏறாதவை. வாடியின் வரலாறு இதுவரை எழுதப்படாமல் இருந்தது போதும். அதைத் தெரிந்தவர்கள் இன்னும் விடியற்காலையில் கரையில்தான் நிற்கிறார்கள்.